திறப்பான்

வியாழன் பதினொன்றரைக்குத்தான் கதவு.
பத்துக்கே வந்துவிடுவார்கள்,
வராதது மாதிரி.
எதிர்ச்சாரியில் ஒருவர் பேருந்துக்குக் காத்திருப்பார்;
அந்தத் தடத்தில் பேருந்து ஓடி நாலு வருஷமாகிறது.
ஒருத்தி நாயின் கழுத்துப்பட்டையைச்
சரிசெய்வாள், சரிசெய்வாள்,
சரிசெய்துகொண்டே இருப்பாள்.
ஃபைஃப் கரையின் காற்று
நிற்பவர் எல்லோரையும் குனிய வைக்கிறது.
யார் முகமும் யாருக்கும் தெரியாதது
ஒரு வசதி.

முன்பு இது பந்துருட்டும் சங்கத்தின் கூடம்.
சுவரில் வென்றவர் பெயர்கள்
பொன்னெழுத்தில்,
எழுபத்தொன்பதாம் வருஷத்தோடு நின்றுபோனவை.
அவற்றின் கீழே பீன்ஸ் டின்கள்.
கோப்பை அலமாரியில் டயப்பர், அளவுவாரியாக.
குளிர்பெட்டி ஒன்றே ஒன்று,
செங்கா உதைத்தால் ஓடும்.
வேறு யார் உதைத்தாலும் ஓடாது;
உதைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஏழு பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.
செங்கா, பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம்.
லாக்லன், வேன் அவனுடையது,
டீசலில் பாதியும்.
ஐல்சா கணக்குப் பார்ப்பாள்,
பத்து பென்ஸ் இடித்தால் தூங்கமாட்டாள்.
நான் முதியோர் இல்லத்தில் இரவுப்பணி முடித்து
அதே சட்டையோடு வந்து
படிவம் நிரப்புகிறவன்.

படிவத்தில் பதினாலு கேள்வி.
நான் கேட்பது இரண்டு.
வீட்டில் எத்தனை பேர்?
அடுப்பு எரியுமா?
இருக்கிறதா என்று கேட்கக் கூடாது.
இருக்கிறது என்பார்கள்; இருக்கவும் செய்யும்.
மீட்டரில் காசு போட்டால்தானே தீ.
எரியாத வீட்டுக்குக் கெட்டில் பை:
வெந்நீர் ஊற்றினால் ஆகிறவை மட்டும்.
அதுவும் முடியாதவர்க்குக் குளிர்ப் பை.
குளிர்ப் பை இறக்கிய நாளில்
லாக்லன் வானொலி போடாமல் வண்டி ஓட்டுவான்.

நவம்பரில், மூன்றாம் முறையாக, இம்ரி வந்தார்.
கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலை பார்த்தவர்.
கையில் நாங்கள் கொடுத்த அதே பை.
உள்ளே பதினொரு டின்கள்,
ஒன்றுகூடத் திறக்கவில்லை.
"எனக்குக் கூடுதல். வேறு யாருக்காவது ஆகட்டும்."

வளையம் இழுத்துத் திறக்கும் டின் விலை அதிகம்;
எங்களுக்கு வருவது மற்றது.
ஒரு டின்னின் விளிம்பெல்லாம் குத்து.
திருப்புளியோ, உளியோ,
பள்ளம் பள்ளமாகச் சுற்றி வந்திருந்தது,
துளைதான் விழவில்லை.

நானும் பார்த்தேன், செங்காவும் பார்த்தாள்.
கப்பலின் இரும்பை ஒட்டவைத்த கைகள்
மேசைக்கு அடியில் போயின.

ஐயோ என்று நான் வாயெடுத்திருப்பேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"இந்தச் சரக்கே மோசம், இம்ரி.
ஒரு டின்னும் ஒழுங்காகத் திறக்க வருவதில்லை.
செய்தவன் தலையில் இடி விழ."
உள்ளே போய்,
எங்களிடமிருந்த ஒரே திறப்பானை,
சிவப்புப் பிடி போட்டதை,
பையின் அடியில் செருகி
மேலே ரொட்டியை வைத்தாள்.
அன்று மதியம் வந்த முப்பது பேருக்கும்
சூப்பு கிடையாது.
ஏன் என்று கேட்டவர்களிடம்
குளிர்பெட்டியைக் குற்றம் சொன்னோம்.

ஐல்சா பதினைந்தாம் கேள்வியைத் தட்டச்சு செய்து வந்தாள்:
டின் திறப்பான் உண்டா?
செங்கா பேனாவை வாங்கி அடித்தாள்.
"கேட்காதே. போடு."
இரும்புக்கடைப் பெட்ரி
நாற்பது திறப்பான்களை அடக்கவிலைக்குத் தந்தான்,
நாற்பது முறை முனகினான்.
சில வீடுகளில் இப்போது மூன்று நாலு சேர்ந்திருக்கும்.
சேரட்டும்.

இம்ரி அப்புறம் வரவில்லை.
வேலை கிடைத்ததோ, மகள் கூட்டிப்போனாளோ,
வேறேதுமோ.
வந்தவரைப் பற்றித்தான் எங்களிடம் படிவம் இருக்கிறது.

குத்துப்பட்ட டின் அலமாரியிலேயே நிற்கிறது,
டயப்பர்களுக்குப் பக்கத்தில்.
சர்க்கரைப் பாகில் பீச் துண்டுகள்,
காலாவதி போன மார்ச்.
புதன் மாலை தூசு தட்டும்போது
செங்கா அதைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள்,
அதிகம் குத்துப்பட்ட பக்கம்
சுவரைப் பார்க்கிற மாதிரி.